தட்டைத் திருப்பிப் பார்ப்பவர்

டிபன் வைத்துக் கொடுத்த தட்டைத் தலைக்கு மேல் தூக்கி, அடிப்பக்கத்தை அண்ணாந்து பார்க்கும் மனிதர் ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். இரண்டு கையாலும் தட்டைப் பிடித்து, நிறைகுடத்தைத் தூக்குவது போல மெதுவாக உயர்த்துவார். கழுத்தை வளைத்து அடியில் என்ன முத்திரை இருக்கிறது என்று படிப்பார். சாம்பார் ஒரு சொட்டு சிந்தாது. பிறகு இறக்கி வைத்து, விளிம்பை நகத்தால் ஒரு சுண்டு சுண்டிச் சத்தத்தைக் கேட்பார். அதற்கு அப்புறம்தான் சாப்பாடு.

கிழக்குத் தாம்பரத்தில் அவருடைய வீட்டின் பின்பக்கப் போர்ஷனில் நாங்கள் குடியிருந்தோம். எனக்குப் பிளம்பர் வேலை. குடிவந்த புதிதில் மோட்டார் ரிப்பேர் விஷயமாகப் பேச அவர் எங்கள் வீட்டுக்குள் வந்தார். என் மனைவியிடம் ஒரே ஒரு பீங்கான் தட்டு இருந்தது. நீலப் பூ போட்டது. யாராவது பெரிய மனிதர் வந்தால் மட்டும் எடுப்பாள். அதில் இட்லி வைத்துக் கொடுத்தாள். அவர் வாங்கிய உடனே தலைக்கு மேல் தூக்கினார். இட்லியில் எறும்பு ஏதாவது ஏறிவிட்டதோ என்று நாங்கள் இருவரும் பதறிப் போனோம்.

"ஸ்டோன்வேர். நல்லா வெந்திருக்கு" என்றார்.

"இட்லி வெந்திருக்கான்னு சொல்லுங்க சார்" என்றாள் என் மனைவி.

அது கேலி என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடி யோசித்து, "அதுவும் வெந்திருக்கு" என்றார்.

தெருவில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வீடு தெரியாது. தட்டு சார் என்றால் பால்காரர் வரை கையைக் காட்டுவார்கள்.

அவர் ஒரு பீங்கான் கம்பெனியில் சோதனைப் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பீங்கான் கம்பெனி என்றதும் எல்லோரும் டின்னர் செட், கப் அண்ட் சாசர் என்று நினைத்துக்கொள்வார்கள். அந்தக் கம்பெனி செய்தது கக்கூஸ் கோப்பையும் வாஷ் பேசினும். சூளையிலிருந்து வெளியே வரும் கோப்பைகளை ஒரு சின்ன மரச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, கணீர் என்றால் அனுப்புவதும், கட்டை போலச் சத்தம் வந்தால் ஒதுக்குவதும்தான் அவர் தன் உத்தியோக காலம் முழுவதும் செய்த வேலை. தட்டுகள் மேல் வந்தது ஆசை. வேலையில் கிடைக்காததை அவர் மற்றவர்கள் வீட்டில் தேடினார்.

"சாப்பிடற தட்டும் அந்தக் கோப்பையும் ஏறக்குறைய ஒரே மண்ணுதான்யா. ஒண்ணு முன்னாடி, ஒண்ணு பின்னாடி. அவ்வளவுதான் வித்தியாசம்" என்பார்.

"சாப்பிடற நேரத்துல என்ன பேச்சு இது?" என்று உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வரும். நான் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவேன். கணவருடைய கம்பெனியின் பெயரைச் சொல்லும்போது அந்த அம்மா அதோடு நிறுத்திக்கொள்வார். என்ன கம்பெனி என்று யாராவது கேட்டால் "செராமிக்ஸ்" என்பார். அந்த ஒரு வார்த்தைக்குள் கோப்பை மறைந்துவிடும்.

அவர் சரிபார்த்து அனுப்பிய பொருளைப் பூட்டுகிற ஆள் நான் என்பதால், என்னைக் கூட வேலை செய்தவன் போலவே நடத்தினார். நான் அதிகம் பேச மாட்டேன். யார் எதைச் சொன்னாலும் கேட்டுக்கொண்டிருப்பேன். அப்படி ஓர் ஆள் அதுவரை அவருக்குக் கிடைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பைப்புக்கு மரை போட்டுக்கொண்டிருந்தால், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்.

"பீங்கான்ல நாலு ஜாதி இருக்கு" என்று தொடங்குவார். "கீழ இருக்கறது எர்த்தன்வேர். கம்மிச் சூட்டுல வெந்தது. ஓரம் உடைஞ்சா உள்ள செங்கல் மாதிரி தெரியும். தண்ணி குடிக்கும். அதுக்கு மேல ஸ்டோன்வேர். உங்க ஊறுகாய் ஜாடி அதுதான். கனமா இருக்கும், உழைக்கும். அதுக்கு மேல போர்சலின். வெள்ளை மண்ணு. சூட்டுல கண்ணாடி மாதிரி இறுகிடும். எல்லாத்துக்கும் மேல போன் சைனா. கிட்டத்தட்ட பாதி எலும்புச் சாம்பல். மாட்டு எலும்பு. விளக்குக்கு நேராப் புடிச்சா அந்தப் பக்கம் விரலோட நிழல் தெரியும். அதை மட்டும் ஒரு தடவை கையில புடிச்சுட்டா வேற தட்டுல சோறு இறங்காது."

சீனாக்காரர்கள் இந்த வித்தையை எவ்வளவோ காலம் வெளியே சொல்லாமல் காப்பாற்றினார்கள் என்றும், ஐரோப்பாவில் ஒரு ராஜா பீங்கான் பைத்தியம் பிடித்து, தங்கம் செய்து காட்டுகிறேன் என்று சொல்லித் திரிந்த ஒருவனைப் பிடித்து அடைத்து, கடைசியில் தங்கத்துக்குப் பதிலாகத் தட்டு செய்ய வைத்தார் என்றும் சொல்லுவார். அந்த ராஜா மேல் அவருக்கு மரியாதை அதிகம். அடைபட்டவன் என்ன ஆனான் என்று ஒருமுறை கேட்டேன். "அவன் கெட்ட நேரம். ஆனா தட்டு வந்துச்சு இல்ல?" என்றார்.

நம் வீடுகளுக்குள் பீங்கான் வந்த கதையையும் அவர்தான் சொன்னார். அவருடைய அம்மா காலத்தில் ஊறுகாய் ஜாடிக்கு மட்டும் சமையலறையில் இடம். மண்ணால் செய்த தட்டில் ஒருமுறை எச்சில் பட்டால் எத்தனை தேய்த்தாலும் போகாது என்று நம்பினார்கள். அதனால் வீட்டில் இருந்த ஒரே பீங்கான் தட்டும் கோப்பையும் டாக்டருக்கும், ஆங்கிலோ இந்திய டிக்கெட் பரிசோதகருக்கும் என்று கொல்லைப்புறத்து மாடத்தில் கிடந்தனவாம். வெளியில் மிலிட்டரி ஹோட்டலும் டீக்கடையும் பீங்கானுக்கு ஜனங்களைப் பழக்கின. பிறகு கொஞ்ச காலம் மெலமைன் வந்து, பிளாஸ்டிக்கைப் பீங்கான் என்று சொல்லி ஏமாற்றியது. மெலமைன் என்ற வார்த்தையைச் சொல்லும்போது அவருக்கு வாய் கோணும். கடைசியில் மைக்ரோவேவ் அடுப்பு வந்தது. எவர்சில்வரை அதற்குள் வைக்க முடியாது. வேளச்சேரியிலும் மேடவாக்கத்திலும் புதிதாக எழுந்த அடுக்குமாடி வீடுகளில் எல்லாம் பீங்கான் நேராகச் சமையலறைக்குள் போய் உட்கார்ந்தது.

"ஆசாரத்தை எத்தனையோ பேர் மேடை போட்டுத் திட்டினாங்க. ஒண்ணும் நடக்கல. ஒரு அடுப்பு வந்து முடிச்சு வச்சிருச்சு" என்பார்.

இவ்வளவும் சொல்லும் அந்த மனிதர் வீட்டில் எல்லோரும் எவர்சில்வர் தட்டில்தான் சாப்பிட்டார்கள். ஒரு பீங்கான் தட்டுகூடக் கிடையாது. வாங்காமல் இல்லை. வாங்கியது எதுவும் தேறவில்லை. கடையில் பார்த்து, தட்டிப் பார்த்து, வீட்டுக்குக் கொண்டுவந்து, வாசல் வெயிலில் வைத்து மறுபடி பார்ப்பார். எங்காவது ஒரு ஊசித்துளை இருக்கும். அல்லது தரையில் வைத்தால் லேசாக ஆடும். மறுநாளே திருப்பிக் கொடுத்துவிடுவார். தாம்பரம் மார்க்கெட்டில் பாத்திரக் கடைக்காரர்கள் இவர் தெருமுனையில் வருவதைப் பார்த்தால் சாப்பிடப் போய்விடுவார்கள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் தரையில் சாக்கு விரித்துத் தட்டு விற்கும் ஒரு பெண்மணி மட்டும் ஒருமுறை நேருக்கு நேராகவே கேட்டாள். நான் கூட இருந்தேன்.

"இன்னா சார், தட்டு வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா? இப்டி திருப்பித் திருப்பிப் பாத்துகினே கீறியே, அதுக்கே வெக்கம் வந்துடும் போல."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தட்டின் அடியில் இருந்த ஒரு கீறலை அவளுக்குக் காட்டினார். முத்திரையின் மேல் குறுக்காகப் போட்ட கோடு அது. "இது செகண்ட்ஸ்மா. கம்பெனியில குறை இருக்குன்னு ஒதுக்கினது. கீறல் போட்டுத்தான் வெளிய அனுப்புவாங்க. சும்மா போட மாட்டாங்க. போட்டவன் கண்ணுக்கு ஏதோ பட்டிருக்கு" என்றார். பரிசோதகன் போட்ட கோடு ஒருநாளும் தப்பாகாது என்பது அவருடைய மதம். எந்தக் கோடு போட்ட தட்டைக் கொடுத்தாலும், அது ஏன் ஒதுக்கப்பட்டது என்பதைக் கொஞ்ச நேரத்தில் கண்டுபிடித்து, கட்டை விரல் நகத்தால் அந்த இடத்தைச் சுரண்டிக் காட்டிவிடுவார்.

அவருக்கு ஒரே பெண். பல்லாவரத்தில் ஓர் ஆபீசில் வேலை. தடித்த கண்ணாடி போட்டிருப்பாள். வயது முப்பதைத் தொட்டிருந்தது. ஜாதகம், கண்ணாடி, வயது என்று ஒவ்வொரு வீட்டாருக்கும் ஒவ்வொன்று குறையாகத் தெரிந்தது. அந்த வரிசையில் குரோம்பேட்டையில் ஒரு சம்பந்தம் மட்டும் எல்லாம் பொருந்தி, பெண் வீட்டார் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்ப்பது வரை வந்தது. அவர்கள் சுத்த சைவம். பூண்டுகூடச் சேர்க்காதவர்கள். வெளிநாட்டில் இருந்த மூத்த மகன் அனுப்பிய டின்னர் செட்டை எடுத்து, அதில் கேசரி வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். இவர் தூக்கி அடியைப் பார்த்தார். ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து விரலை ஆட்டிப் பார்த்தார். பார்த்த சந்தோஷத்தில் பாதி எலும்புச் சாம்பல் என்பதை அந்த வீட்டுப் பெரியவருக்கு விளக்கிச் சொல்லிவிட்டார். எந்த மாட்டு எலும்பு உசத்தி என்பதையும் சேர்த்து. பெரியவர் வாயில் இருந்த கேசரியை என்ன செய்வது என்று தெரியாமல் எழுந்து போனாராம். பதில் தரகர் மூலம் வந்தது.

அன்று முன்பக்கத்தில் பெரிய சண்டை. "பொய்யா சொன்னேன்? இருக்கறதைத்தானே சொன்னேன்?" என்று இவர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மா அழுதார். குழாயடியில் வாளியை வைத்துவிட்டு நின்ற பெண், என் மனைவியிடம் சொன்னாள்.

"அவங்க என்னைத் திருப்பிப் பாக்கறாங்க. இவர் அவங்க தட்டைத் திருப்பிப் பாக்கறார். கணக்கு சரியாப் போச்சுக்கா."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வாளி நிறைந்து வழிந்ததை அவள் கவனிக்கவில்லை.

அடுத்த சம்பந்தம் அனகாபுத்தூர். மாப்பிள்ளைக்குக் கேளம்பாக்கம் பக்கத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அப்பா இல்லை. அம்மா சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவும் மகனும் வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கண்ணாடியைப் பற்றி மாப்பிள்ளையின் அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. பையனும் பெண்ணும் போனில் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். எங்கள் பக்கத்துக் கொடியில் துணி காயப்போட்டபடி அவள் போனில் பேசுவாள். காய்ந்த துணியையே மறுபடி உதறிக் காயப்போடுவாள். இந்தச் சம்பந்தம் அவளுக்கு வேண்டும் என்று எங்களுக்கே தெரிந்தது.

மாப்பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டிய நாள் வந்தது. அவர், அந்த அம்மா, அந்த அம்மாவின் தம்பி. மூன்று பேர். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக் கூடாது. நாலாவதாக வருவதாக இருந்த சொந்தக்காரருக்குக் காலையில் காய்ச்சல். காரை வாசலில் நிறுத்திக்கொண்டு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். புதியவர்கள் வீட்டில் உட்கார்ந்து பேசுவது எனக்கு வராது என்று சொன்னேன். "பேச வேண்டாம்பா. கணக்குக்கு உக்காந்தா போதும்" என்றார் அந்த அம்மாவின் தம்பி. என் கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தேன்.

நான் செருப்பு மாட்டும்போது அந்தப் பெண் பக்கத்தில் வந்தாள்.

"அண்ணா, அப்பாவுக்கு வலது பக்கம் உக்காருங்க. அவர் கை தட்டுக்குப் போச்சுன்னா புடிச்சுக்குங்க. விடாதீங்க. அவர்கிட்டயும் சொல்லிட்டேன். சரின்னு தலையாட்டினார். ஆனா அவர் கை அவர் பேச்சைக் கேக்காது."

காரில் போகும்போதும் பேச்சு அதுதான்.

"தட்டைத் தொடவே கூடாது" என்றார் அந்த அம்மா.

"தொடாம எப்படிச் சாப்பிடறது?"

"ஸ்பூன் தருவாங்க. ஸ்பூனை மட்டும் தொடுங்க. எந்தக் கம்பெனின்னு கேட்டா செராமிக்ஸ். அதுக்கு மேல வாயைத் திறக்கக் கூடாது."

"மச்சான், நான் பாத்துக்கறேன். நீங்க சிரிச்சுக்கிட்டு உக்காருங்க" என்றார் அந்த அம்மாவின் தம்பி.

அனகாபுத்தூரில் கார் போகாத சந்து. ஒரு பக்கத்து வீட்டில் தறிச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளையின் அம்மா வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். கூடத்துச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு, ஆற்று வெள்ளம் வந்து நின்ற கறை வெள்ளையடித்தும் மறையாமல் தெரிந்தது. பெண் சொன்னபடி நான் அவருக்கு வலது பக்கம் உட்கார்ந்தேன். தட்டுகள் வந்தன.

எனக்கே தெரிந்தது, அழகான தட்டுகள் என்று. பால் வெள்ளை. விளிம்பில் மெல்லிய பச்சைக் கொடி. அதில் கேசரியும் போண்டாவும். பக்கத்தில் ஓர் உடம்பு அசைந்தது. நான் என் இடது கையால் அவருடைய வலது மணிக்கட்டை மேசைக்குக் கீழே பிடித்துக்கொண்டேன். பைப் ரெஞ்ச் பிடித்த கை. அவரால் அசைக்க முடியவில்லை.

"சார் இன்னா கம்பெனி?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

"செராமிக்ஸ்" என்றார் இவர்.

"தரகர் சொன்னாரு, பீங்கான்ல பெரிய ஆபீசர்னு. உங்க கம்பெனித் தட்டு இங்க எங்க கெடைக்கும் சார்?"

இவர் வாயைத் திறந்தார். "எல்லாம் எக்ஸ்போர்ட்மா" என்றார் மனைவியின் தம்பி, போண்டாவை மென்றபடி.

மாப்பிள்ளையின் அம்மா எங்களைச் சாப்பிடச் சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்தார். எல்லோரும் சாப்பிட்டோம். நான் ஒரு கையால் சாப்பிட்டேன். இவர் மட்டும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கேசரியின் நெய் உறைய ஆரம்பித்தது. அவருடைய மணிக்கட்டில் நாடி துடிப்பது என் விரலில் தெரிந்தது. மாப்பிள்ளையின் அம்மா முதலில் சிரித்த முகத்தோடுதான் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சிரிப்பு போனது.

"சார், எடுத்துக்குங்க."

"இருக்கட்டும்மா."

"சக்கரை கிக்கரை கீதா உங்களுக்கு? போண்டாவாவது தொட்டுக்குங்க."

"இல்லம்மா, இருக்கட்டும்."

பையன் தன் அம்மாவைப் பார்த்தான். அவர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக உட்கார்ந்தார்.

"நான் சுத்தி வளைச்சுப் பேச மாட்டேன் சார். எங்க பக்கத்துல ஒரு வழக்கம் கீது. பிடிச்சா கை நனைப்பாங்க. பிடிக்கலைன்னா நனைக்காம எழுந்துப்பாங்க. நாங்க கூலி வேலை பாத்த குடும்பம்தான். ஆபீசர் வூட்டுக்கு எங்க வூடு ஒத்து வரலைன்னா சொல்லிடுங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். பையன்தான் ஆசைப்பட்டுட்டான்."

இவருடைய மனைவி தம்பியைத் திரும்பிப் பார்த்தார். தம்பியின் வாயில் போண்டா. துணிக் கொடியடியில் காய்ந்த துணியை உதறிக்கொண்டு நின்ற பெண் எனக்கு ஞாபகம் வந்தாள். கையை விடாதே என்று சொன்னவள் அவள்தான். விடாமல் பிடித்திருந்ததால்தான் அவர் கை நனைக்க முடியவில்லை. கையை விட்டேன்.

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். அப்புறம் இரண்டு கையாலும் தட்டைத் தூக்கினார். கேசரியும் போண்டாவும் அதன் மேலேயே இருந்தன. மெதுவாக, தலைக்கு மேல். கழுத்தை வளைத்துப் பார்த்தார். மாப்பிள்ளையின் அம்மாவும் தன்னை அறியாமல் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். முத்திரையின் மேல் குறுக்காக ஒரு கோடு.

"செகண்ட்ஸ்" என்றார்.

அவர் மனைவி கண்ணை மூடிக்கொண்டார்.

"தெரியும் சார்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. முகத்தில் கோபம் இல்லை. "பல்லாவரம் சந்தையில ஒண்ணு ஒண்ணா வாங்கினது. சத்துணவுக் கூடத்துல பிள்ளைங்களுக்கு அலுமினியத் தட்டுலயே போட்டுப் போட்டு, நம்ம வூட்ல ஒரு நாளாவது வெள்ளைத் தட்டுல சாப்பிடணும்னு ஒரு ஆசை. எல்லாத்துக்கும் அடியில இதே கோடு. வெள்ளத்துல கட்டில் போச்சு, பீரோ போச்சு. இது மட்டும் சேத்துலேர்ந்து அப்டியே எழுந்து வந்துச்சு. ஆனா இன்னா கொறைன்னுதான் இந்நாள் வரைக்கும் எனக்குத் தெரியல. அதுக்குத்தான் சார், ஆபீசர் வர்றாருன்னு எடுத்து வச்சேன். நீங்க பாத்து சொல்லுங்க."

அவர் முகம் மலர்ந்ததை என்னால் மறக்க முடியாது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒருவர் அவரைக் கூப்பிட்டு, என் தட்டைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். கேசரியையும் போண்டாவையும் என் தட்டுக்கு மாற்றினார். வெறும் தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு போனார். சுண்டிச் சத்தம் கேட்டார். கண் மட்டத்தில் வைத்து விளிம்பு கோணியிருக்கிறதா என்று பார்த்தார். பையன் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்று, "போர்சலினா அங்கிள்?" என்று கேட்டான். "போர்சலின்தான். நல்ல மண்ணு" என்றார். பிறகு விளிம்பைச் சுற்றிக் கட்டை விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். பச்சைக் கொடியில் ஓர் இலைக்குப் பக்கத்தில் விரல் நின்றது. நகம் அந்த இடத்தைச் சுரண்டியது. ஒரு முறை, இன்னொரு முறை.

நான் இருந்த இடத்திலிருந்தே தெரிந்தது. எறும்புத் தலை அளவு கறுப்புப் புள்ளி. மண்ணில் கலந்திருக்கும் இரும்புத் துகள் சூளைச் சூட்டில் அப்படி மேலே வரும் என்று அவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். அதைவிடச் சின்னப் புள்ளிக்கெல்லாம் கடைக்காரர்களோடு மல்லுக்கு நின்றவர் அவர்.

மாப்பிள்ளையின் அம்மா கைகளைக் கோத்துக்கொண்டு காத்திருந்தார். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறவர் போல.

அவர் அந்த அம்மாளைப் பார்த்தார். சுவரில் இருந்த வெள்ளக் கறையைப் பார்த்தார். கட்டை விரலை அந்த இலைமேலிருந்து எடுக்கவில்லை.

"ஒரு குறையும் இல்லம்மா" என்றார். "செக் பண்ணவன் அவசரத்துல கோடு போட்டுட்டான். சில பேர் அப்படித்தான். கண்ணு சரியில்லாதவனை வேலைக்கு வச்சா இப்படித்தான் ஆகும்."

"அப்பவே நெனச்சேன் சார்!" என்று அந்த அம்மாள் எழுந்தே விட்டார். "அப்பவே நெனச்சேன், இதுல இன்னா கொறை இருக்கப் போவுதுன்னு!"

அந்தத் தட்டிலேயே மறுபடி கேசரி வைத்துக் கொண்டுவந்தார். அவர் சாப்பிட்டார். இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மாதம் குறித்துப் பேசிவிட்டுத்தான் கிளம்பினோம்.

திரும்பும்போது காரில் அந்த அம்மாவும் தம்பியும் மண்டபத்தைப் பற்றியும் பந்தலைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தார்கள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பல்லாவரம் தாண்டும்போது என் பக்கம் குனிந்து, "கோடு போட்டவன் நல்ல வேலைக்காரன்யா. அந்தப் புள்ளி சாதாரணக் கண்ணுக்குப் படாது" என்றார். முகம் தெரியாத ஒருவனைக் கண் சரியில்லாதவன் என்று சொல்லிவிட்ட வருத்தம் அவருக்குத் தாம்பரம் வரை ஓயவில்லை.

வாசலில் காத்திருந்த பெண் முதலில் என்னைத்தான் கேட்டாள். "திருப்பினாரா?"

"திருப்பினாரும்மா."

அவளுக்கு முகம் சுருங்கிப் போனது.

"நல்லதாப் போச்சும்மா" என்றேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. ஆனால் அவர் நினைக்காத ஒன்றும் நடந்தது. ஒரு குறையும் இல்லை என்று ஆபீசரே சொல்லிவிட்ட பிறகு அந்தத் தட்டுகளை அலமாரியில் வைத்திருப்பானேன் என்று சம்பந்தியம்மாள் அவற்றைத் தினமும் புழங்க ஆரம்பித்தார். வருகிறவர்களிடம் எல்லாம் கவிழ்த்துக் காட்டி, "இந்தக் கோடு தப்பாப் போட்டது. எங்க சம்பந்தி பீங்கான்ல ஆபீசர். அவரே பாத்துச் சொல்லிட்டாரு" என்பார். மகளைப் பார்க்க அனகாபுத்தூர் போகும்போதெல்லாம் அவருக்கும் அதில்தான் சாப்பாடு. அதுவும் அவர் பார்த்த அதே தட்டு. மரியாதைக்காக அதைத் தேடி எடுத்து வைப்பார்களாம். வேறு யார் வீட்டிலும் அவர் பழையபடி தூக்கிப் பார்ப்பார். அந்த வீட்டில் மட்டும் தட்டை அசைக்க மாட்டார்.

ஒரு தடவை அவர்கள் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வேலை முடிந்ததும் இருவரையும் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார வைத்தார்கள். சம்பந்தியம்மாள் எதிரே உட்கார்ந்து அந்தத் தட்டுக் கதையை எனக்கே சொல்லிக்கொண்டிருந்தார். மகள் பரிமாறினாள். சாம்பார் முடிந்து ரசத்துக்குச் சோறு வைத்தவள், மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அப்பாவின் தட்டு விளிம்பை உற்றுப் பார்த்தாள்.

"அப்பா, இங்க கறுப்பா என்னமோ ஒரு புள்ளி இருக்கே?"

"கடுகும்மா" என்றார்.

அவள் விரலை நீட்டி நகத்தால் சுரண்டினாள். கடுகு நகரவில்லை. இன்னொரு முறை சுரண்டினாள். பிறகு தன் அப்பாவைப் பார்த்தாள். அவர் தலை நிமிரவில்லை. சோற்றில் கொஞ்சத்தை விளிம்பு வரை தள்ளி அந்த இடத்தை மூடினார்.

"ரசம் ஊத்து" என்றார்.

அவள் ஊற்றினாள்.